கால் படாத மலை

கோமுகி அணையைத் தாண்டி, சாலை மலையைப் பார்த்து நிமிரத் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம், காலை ஏழே முக்கால் மணிக்கு, தனசேகரன் கடைசியாகத் தரையில் நின்றார். சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்து, அது காற்றில் அவிழாதபடி துண்டால் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே சின்ன டப்பியில் ஒரு ஜோடித் தோடு இருந்தது.

"எல்லாத்தையும் முடிச்சிக்கினியா?" என்று கேட்டார் கூட வந்த சிநேகிதர் பூமாலை. "அப்பாலிக்கி நடுவழியில அவசரம்னு சொன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"உன் வேலையப் பாருய்யா."

"என் வேலையே அதான். நீ கால ஊனாம மேல போய்ச் சேர்றியான்னு பாக்கறது. வேற இன்னா வேல எனக்கு?"

தனசேகரன் பெடலில் இடக்காலை வைத்து, வலக்காலைப் பின்னால் வீசி ஏறினார். பாலம் கடந்தது. மலை தொடங்கியது. இனி அந்தப் பாதங்கள் மண்ணைத் தொடக் கூடாது.

பதினோரு வருடத்துக்கு முன் அவர் சொன்ன சொல் அது. இந்த மலைமேல் வெள்ளிமலையில் அவருடைய ஒரே தங்கை செந்தமிழ்ச்செல்வி குடியிருக்கிறாள். அவள் கணவர் கவியரசன் அங்கே பள்ளியில் ஆசிரியர். அவர்களுடைய மூத்த மகள் நிர்மலாவுக்கு மூன்று வயதில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. தனசேகரன் சீர்த்தட்டோடு புறப்பட்டார். வந்த பேருந்து பாதி மலையில் நின்றுவிட்டது. அவர் நடந்தும் ஓடியும் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. நல்ல நேரம் முடியப் போகிறதென்று, கவியரசனின் பெரியப்பா மாயவனின் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது.

தனசேகரன் சத்தம் போடவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் சத்தம் போட்டதில்லை. தட்டை வாசற்படியில் வைத்தார். "எனக்குன்னு இருந்த ஒரே எடம் அந்த மடிதான். அது இல்லாத ஊர்ல எனக்கு இன்னா வேல. இனிமே என் கால் இந்த மலை மண்ணுல படாது" என்றார். அவ்வளவுதான். திரும்பி இறங்கிவிட்டார். சபையில் சொன்ன சொல். நாற்பது பேர் கேட்ட சொல். அவருடைய தகப்பனார் அதிக விலை வந்த பிறகும் வாய்ச்சொல்லுக்காகக் கரும்பைப் பேசிய விலைக்கே கொடுத்தவர். அந்த வீட்டு ஆண்பிள்ளை சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டான் என்று ஊரில் யாரும் இதுவரை பேசியதில்லை.

பிறகு, யாரும் எதிர்பாராதபடி, செந்தமிழ்ச்செல்விக்கு முப்பத்தொன்பதாவது வயதில் இன்னொரு பெண் பிறந்தது. இசைவாணி. அதற்கும் மூன்று வயதாகிவிட்டது. கவியரசன் வெற்றிலை பாக்கோடு தியாகதுருகம் பக்கத்தில் இருக்கும் மச்சானின் கிராமத்துக்கு வந்து அழைத்தார். தனசேகரன் தட்டை வாங்கிக்கொண்டார், காபி கொடுக்கச் சொன்னார், வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அன்று மாலை தங்கை போன் செய்தாள்.

"நீ வரலன்னா இவள வேற எந்த மடியிலயும் உக்கார வைக்க மாட்டேன்ணா. காது மூளியாவே வளரட்டும். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அவளும் அந்த வீட்டுப் பிள்ளைதான். சொன்னால் சொன்னதுதான்.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் தன் சிநேகிதர் பூமாலையிடம் போய்ச் சொன்னார். பூமாலை முப்பத்து மூன்று வருடம் சைக்கிளிலேயே தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் காலை நிறுத்த முடியாமல், கள்ளக்குறிச்சியில் வாராவாரம் சைக்கிளில் சுற்றும் ஒரு கூட்டத்தோடு சங்கராபுரம், சின்னசேலம் என்று போய் வருகிறவர். தலையில் கவசம், இறுக்கமான அரைக்கால்சட்டை. அந்தக் கால்சட்டையைத் தனசேகரன் இன்றுவரை நேராகப் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பூமாலை கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார்.

"கால் மண்ணுல படாதுன்னுதானே சொன்ன? போக மாட்டேன்னு சொல்லலியே?"

"அதுக்கு?"

"சைக்கிள்ள போனா கால் எங்க படுது?"

இப்படித்தான் தொடங்கியது. பூமாலையின் மகன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த கியர் சைக்கிள் ஒன்று சும்மா கிடந்தது. மூன்று மாதம், விடியற்காலையில், தியாகதுருகம் கோட்டை மலையைச் சுற்றிய மேட்டுச் சாலைகளில் இருவரும் பழகினார்கள். ஐம்பத்தெட்டு வயதில் தனசேகரன் மறுபடி விழுந்து எழுந்தார். நிற்க வேண்டுமென்றால் பூமாலை முதலில் இறங்கி வந்து கைப்பிடியையும் சீட்டையும் பிடித்துக்கொள்வார். இவர் சிம்மாசனத்தில் இருப்பதுபோல் மேலேயே இருந்து தண்ணீர் குடிப்பார். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. தனசேகரனின் முகத்தைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. மனைவி ராணியம்மாளும் கேட்கவில்லை. போன வாரம் கரும்புக் கொல்லையின் வரப்போரம் புதிதாக ஒரு பள்ளம் விழுந்திருப்பதைக் கண்டு, காட்டுப்பன்றி வந்து கிளறிவிட்டுப் போயிருக்கிறது என்று தனசேகரன் சொன்னபோதுகூட, அந்தம்மாள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்று தை மாதத்து வியாழக்கிழமை. பதினொன்றரைக்குள் காது குத்த வேண்டும்.

முதல் வளைவு எளிதாகப் போனது. இரண்டாவதில் பூமாலை பக்கத்தில் வந்தார்.

"கம்மி கியர்ல போடு. அவசரப்படாத. மூச்சு மூக்கால போவட்டும்."

"தெரியும்."

"ஒரு சந்தேகம். நடுவுல முடியலன்னா கிலோமீட்டர் கல்லுமேல கால வைக்கலாமா? கல்லு மண்ணு இல்லியே."

தனசேகரன் யோசித்தார். கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி கேள்விதான். "கல்லு மண்ணுலதானே நட்டுருக்குது. கூடாது."

"தார் ரோடு?"

"அதுவும் மலை மேலதான் கெடக்குது."

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும். ஜட்ஜே உன்னப் பாத்து எழுந்து ஓடியிருப்பாரு."

நான்காவது வளைவுக்கு மேல் பனி வந்தது. கீழே சமவெளியில் வெயில் விழுந்திருக்க வேண்டும். இங்கே வெள்ளைப் புகை மரங்களுக்கு நடுவே மெல்ல நகர்ந்து சாலையைக் கடந்துகொண்டிருந்தது. பத்தடி தூரத்தில் போய்க்கொண்டிருந்த பூமாலை ஒரு சிவப்புப் புள்ளியானார், பிறகு அதுவும் இல்லை. செயின் ஓடும் சத்தம் மட்டும் முன்னால் கேட்டது. எங்கோ மூங்கிலிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

கால்கள் தாமாகச் சுற்றின. வலி ஒரு கட்டத்தில் தன்னுடையது இல்லாததுபோல ஆகிவிட்டது. பள்ளத்தில் அருவி போன்ற ஓசை. அது தண்ணீரா, தன் காதுக்குள் ஓடும் ரத்தமா என்று தெரியவில்லை. தான் மலைமேல் ஏறுகிறோமா, மலை தன் கீழே மெதுவாக இறங்குகிறதா என்பதும் தெரியவில்லை. கடுக்காய் மரங்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்து, முகத்தைக் காட்டி, பின்னால் போயின. கல்யாண வீட்டில் வரிசையாக வந்து கும்பிட்டுவிட்டுப் போகும் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தன அவை.

ஏழாவது வளைவில் பூமாலை காத்திருந்தார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். இவர் மேலே இருந்தபடியே தண்ணீர் குடித்தார், இரண்டு வாழைப்பழம் தின்றார். விறகுக் கட்டோடு வந்த ஒரு மலைக்காரப் பெண் நின்று பார்த்தாள்.

"பெரியவருக்குக் காலு வராதா?" என்று பூமாலையைக் கேட்டாள்.

"வரும்மா. மண்ணுதான் வராது."

அவள் சிரிக்கவும் இல்லை, புரியவில்லை என்றும் சொல்லவில்லை. கட்டை மாற்றிக்கொண்டு பனிக்குள் போனாள்.

எட்டு, ஒன்பது, பத்து. பூமாலை இப்போது பின்னால் வந்தார். தனசேகரன் முன்னால் தனியாக இருந்தார். அவருக்குப் பதினாறு வயதில் அந்தத் தங்கை பிறந்தாள். பிறந்த இரண்டாம் வருடம் தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். தகப்பனாரின் கனத்த சைக்கிளில், முன்னால் பாரில் துண்டைச் சுற்றி அவளை உட்கார வைத்து, கரும்புக் கொல்லைக்கு ஓட்டிப் போவார். அவள் கைப்பிடியில் இருக்கும் மணியை விடாமல் அடித்துக்கொண்டே வருவாள். கொல்லை வந்ததும் அவர் காலை ஊன்றி நிற்பார். அவள் அவருடைய காலைப் பிடித்து வழுக்கிக்கொண்டே கீழே இறங்குவாள். அந்த எடையின் சூடு இப்போதும் தொடையில் இருந்தது. மணிச் சத்தம்கூடக் கேட்டது. பாரில் ஏதோ கனம் இருந்தது. பாரில் உட்கார்ந்து வருவது யாரென்று அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும் என்று தோன்றியது.

பதினோராவது வளைவில் பனி திடீரென்று விலகியது. கீழே மொத்தச் சமவெளியும் கிடந்தது. அணை ஒரு கண்ணாடித் துண்டு. கரும்பும் நெல்லும் கட்டம் கட்டமாக. கள்ளக்குறிச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய புகை. கொல்லை வந்துவிட்டது என்று தனசேகரன் நினைத்தார். நினைத்ததுகூட இல்லை. பிரேக்கை அழுத்தினார், இடக்காலை ஊன்றினார், அவள் இறங்குவதற்காக நின்றார்.

பாதத்தில் ஏதோ குளிர்ந்தது. பாறை இடுக்கிலிருந்து கசியும் ஊற்று சாலையோரத்தைச் சேறாக்கி வைத்திருந்தது. செம்மண். அவருடைய கால் அதில் செருப்போடு பாதி புதைந்திருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்குத் தெரியாது. பின்னால் செயின் சத்தம் வந்து நின்றது. அவர் திரும்பினார். பூமாலை அவர் காலைப் பார்த்தார். அடுத்த நொடியே முகத்தைத் திருப்பிக்கொண்டு, தூரத்து அணையை ஏதோ இப்போதுதான் கட்டி முடித்தது போல உற்றுப் பார்த்தார்.

"மேல பஸ்சு வர்றாப்பல இருக்குது," என்றார். "ஓரமா போ."

பஸ் எதுவும் வரவில்லை. தனசேகரன் காலை எடுத்துப் பெடலில் வைத்தார்.

 பனி திரும்ப வந்தது, ஆனால் அது வேறு பனியாக இருந்தது. களைத்துப் போய் ஊன்றியிருந்தால் சரி. விழப் போய் ஊன்றியிருந்தாலும் ஏதோ ஒரு காரணம் சொல்லலாம். எதுவுமில்லாமல், வீட்டு வாசலில் இறங்குகிறவன் மாதிரி இறங்கியிருக்கிறார். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு வளைவு தூரம் யோசித்தார். மூளிக் காதோடு ஒரு குழந்தை கண்ணுக்குள் நின்றது. கால் ஊன்றியது தெரிந்தவர் பூமாலை ஒருவர்தான். அவர் அணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெடல் சுற்றியது.

வெள்ளிமலையில் வெயில் அடித்தது. கவியரசன் வீட்டு முன்னால் சின்னப் பந்தல். முப்பது பேர் இருக்கும். மணி பதினொன்று. வேட்டியும் வியர்வையுமாக ஒரு பெரியவர் சைக்கிளோடு வாசலுக்குள் நுழைந்ததும் பேச்சு அடங்கியது. பூமாலை குதித்து ஓடிவந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

செந்தமிழ்ச்செல்வி ஆலம் கரைத்த தட்டோடு வந்தாள். முன் நெற்றியில் நரைத்திருந்தது. அதைத் தனசேகரன் எதிர்பார்க்கவில்லை. அவள் தட்டைச் சுற்றிவிட்டு, "கீழ பாருண்ணா" என்றாள்.

பார்த்தார். வாசலிலிருந்து மணைப்பலகை போட்டிருந்த இடம்வரை, ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு, கறுப்பு மண் பரப்பியிருந்தது. சுற்றிலும் சிவப்பு, நடுவில் மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்பை அவருக்குத் தெரியும். ஈரம் பட்டால் காலை விடாத கரும்புக் கொல்லை மண்.

"நம்ம வரப்போரத்து மண்ணுதான். ரெண்டு மூட்ட. அண்ணிதான் வெட்டிக் குடுத்தாங்க, இவரு பஸ்சுல ஏத்திக்கினு வந்தாரு. கண்டக்டரு இன்னா கேட்டான் தெரியுமா, மலையில மண்ணுக்கா பஞ்சம்னு."

"மச்சான், எறங்குங்க," என்றார் கவியரசன். "இது மலை மண்ணு இல்ல. உங்க சொல்லு உங்ககிட்டயே இருக்குது."

தனசேகரனுக்கு அந்தப் பள்ளம் நினைவுக்கு வந்தது. காட்டுப்பன்றி என்று சொன்னபோது தலையை ஆட்டிவிட்டுப் போன ராணியம்மாளின் முதுகும் நினைவுக்கு வந்தது.

பந்தல் காலோரம் நாற்காலியில் இருந்த ஒரு கிழவர் தொண்டையைக் கனைத்தார். மாயவன். அன்று மடி கொடுத்தவர். "அதெல்லாம் சரிதான். அவ்ளோ தூரம் ஏறி வந்திருக்கிறாரே, வழியில எங்கயும் கால் ஊனலியா? சும்மா தெரிஞ்சிக்கலாம்னு கேக்கறேன்."

"ஊனல," என்றார் பூமாலை, நேராக நின்று. "கூடவே வந்தவன் நான். கண்ணால பாத்துக்கினே வந்தேன். வேணும்னா என் புள்ளைங்க மேல சத்தி..."

"பூமாலை."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பந்தல் முழுக்கக் கேட்டது.

"புள்ளைங்க மேல பொய்ச் சத்தியம் பண்ணாதய்யா." தனசேகரன் கூட்டத்தைப் பார்த்தார். அன்று கேட்ட நாற்பது பேரில் பாதிப் பேர் இங்கே இருந்தார்கள். "பதினோராவது வளைவுல ஊனிட்டேன். யாரும் தள்ளல. களைச்சியும் போவல. ஊனிட்டேன், அவ்ளோதான்."

 பந்தல் துணி காற்றில் ஒருமுறை உப்பி அடங்கியது.

"தெரியும்ணா," என்றாள் தங்கை. "வரும்போதே செருப்பப் பாத்தேன். அது ஊத்துச் சேறு."

தனசேகரன் வலப்பக்கம் பார்த்தார். கறுப்பு மண் அந்தப் பக்கம்தான் இருந்தது. அதில் இறங்கத் தோதாகத்தான் பூமாலை சைக்கிளைத் திருப்பி நிறுத்தியிருந்தார். அவர் இடப்பக்கமாகக் காலை எடுத்தார். செருப்பைக் கழற்றி உதறினார். வெறுங்காலோடு சிவப்பு மண்ணில் இறங்கி நின்றார். மூன்றேகால் மணி நேரம் மடங்கியே இருந்த முழங்காலை மெல்ல நிமிர்த்தினார். முதுகு எப்போதும்போல் நேராக இருந்தது.

"அனாவசியமா மண்ண கொண்டாந்திருக்கீங்க ரெண்டு பேரும்," என்றார்.

"வீணா போவாது. வெண்டி போட்டுக்கறேன்," என்றாள் தங்கை.

மணைப்பலகையில் உட்கார்ந்தார். நிர்மலா, பதினாலு வயதுப் பெண், தன்னுடைய நாளில் அவர் மடி கிடைக்காதவள், தங்கையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள். இசைவாணி அவரை இதுவரை பார்த்ததே இல்லை. ஏறிட்டுப் பார்த்தாள். முழங்காலுக்கு மேல் கட்டியிருந்த துண்டின் முடிச்சைப் பிடித்து இழுத்தாள். சூடான எடை. அந்த எடை அவருக்குப் பழக்கமானது.

மாயவன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கி உன் எடத்துல உக்காந்தேனே, அந்தப் பெரியவ என் மடியில மூத்திரம் போய்ட்டா. பட்டு வேட்டி. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

தனசேகரன் அவரைப் பார்த்தார். "சொல்லியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேனே."

காது குத்த வந்திருந்த பத்தர் ஊசியை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து டப்பி வெளியே வந்தது. குழந்தை வீறிட்டபோது தனசேகரன் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். குழந்தையின் கால்கள் அவருடைய தொடையை உதைத்தன. அவர் பாதங்கள் பலகைக்கு வெளியே, சிவப்பு மண்ணில், அழுத்தமாக ஊன்றியிருந்தன.

மாலையில் இருவரும் இறங்கினார்கள். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிரேக்கில் விரலை வைத்திருந்தால் போதும், சாலையே எடுத்துக்கொண்டு போனது. பனி இல்லை. மரங்களுக்கு நடுவே வெயில் பழுத்துத் தொங்கியது. பதினோராவது வளைவில் தனசேகரன் நிறுத்தினார். சேற்றில் அவருடைய காலடி இன்னும் இருந்தது. ஊற்றுநீர் நிறைந்து, அதற்குள் ஒரு துண்டு வானம் கிடந்தது. பூமாலை வந்து நின்றார்.

"நான் சொல்லியிருக்க மாட்டேன்யா. சாவற வரைக்கும்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

தனசேகரன் அந்தச் சின்ன வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எனக்காக பாவத்த ஏத்துக்கினு, அப்பறம் என் கூட சைக்கிள்ள வருவே. தெனமும் நான் உன் மூஞ்சியப் பாக்கணும்."

பூமாலை தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். "மூஞ்சிய மட்டும் பாரு. கால்சட்டையப் பாக்காத."

கச்சிராயபாளையம் வந்தபோது கடைகளில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். கள்ளக்குறிச்சியைத் தாண்டிச் சாலை சமமாக, நீளமாக, இருட்டுகிற வயல்களுக்கு நடுவே ஓடியது. கால்களில் வலி திரும்ப வந்திருந்தது. அது இப்போது அவருடைய வலிதான்.

வீட்டு வாசலில் ராணியம்மாள் நின்றிருந்தார்.  கணவர் கழற்றி வைத்த செருப்பைப் பார்த்தார். செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. குனிந்து அதை எடுத்து ஓரமாக வைத்தார், கழுவவில்லை.

"வரப்போரத்துப் பள்ளத்த நாளைக்கி மூடணும்," என்றார் தனசேகரன். "இல்லன்னா பன்னி மறுபடி வரும்."

"வராது," என்றார் ராணியம்மாள். "கை கால் கழுவிக்கினு வாங்க. சோறு ஆறுது."